மேற்பார்வையாளரின் வசவு எப்போது ஒழுங்கீனம் ஆகும்?

வேலை வாங்குகிறவருக்குத் திட்டவும் உரிமை உண்டா? சென்னையில் ஆலைச் சங்கு ஊதத் தொடங்கிய காலம் முதல் கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. முதலாளிகள், தொழிற்சங்கத் தலைவர்கள், நீதிபதிகள், உளவியலாளர்கள், அண்மைக் காலமாக எச்.ஆர். துறையினர் என்று ஒவ்வொரு தரப்பும் ஒரு பதிலை வைத்திருக்கிறது. ஆனால் ஒரு தரப்பின் பதில் மற்றதன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒரு பிரஸ் ஷாப்பில் ஷிஃப்ட் தவறாமல் தாயைப் பழித்து வசவு வாங்கும் இளைஞர், இதை எங்கே போய்ச் சொல்வது என்று கேட்டால், லேபர் ஆபீஸ் என்பார் ஒருவர், போலீஸ் என்பார் இன்னொருவர், பேசாமல் வேறு வேலை பார் என்பார் மற்றொருவர். மூன்று பேரும் அக்கறையோடுதான் சொல்வார்கள். மூன்றுமே பாதிப் பதில்கள்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கேள்வி கூடுதல் சிக்கலாகிறது. சில கிலோமீட்டருக்குள் பல வகையான வேலை உறவுகள் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் மத்திய அரசு ஊழியர்கள். அம்பத்தூரில் பத்துப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறையும், நூற்றுக்கணக்கான பெண்கள் தைக்கும் ஏற்றுமதி ஆயத்த ஆடை யூனிட்டும், கண்ணாடிக் கட்டடத்தில் ஐ.டி. அலுவலகமும். பூந்தமல்லிப் பக்கம் விடுதிகளில் தங்கி ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைகளுக்கு பஸ்ஸில் போய்வரும் இளம்பெண்கள். காதில் விழும் வசவு ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குச் சட்டம் தரும் பதில் ஆளுக்கு ஆள், வாசலுக்கு வாசல் மாறுகிறது. இதுவரை சொல்லப்பட்ட முக்கியமான பதில்கள் எங்கிருந்து வந்தன, எங்கே சறுக்குகின்றன என்று இக்கட்டுரை பார்க்கிறது. தொழிலாளி மேலதிகாரியைத் திட்டினால் அதற்கு நம் தொழிலாளர் சட்டத்தில் பெயரும் விசாரணை முறையும் தண்டனையும் உண்டு. மேலதிகாரி தொழிலாளியைத் திட்டினால் அதற்குப் பெயரே இல்லை. மற்றக் குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே கிளைக்கின்றன என்பது என் வாதம்.

பெரம்பூரில் தொடங்கிய வழக்கு

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் போகும் அதே ரயில் பாதையில் இருக்கிறது பெரம்பூர். அங்கே பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகள் இருந்தன. 1918 ஏப்ரல் 27 அன்று அந்தத் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக மதிக்கப்படுகிறது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் அதைக் கட்டியவர்கள். அன்றைய தொழிலாளர்களின் குறைகளில் சாப்பாட்டு இடைவேளை போதாமை இருந்தது, தாமதமாக வந்தால் வாசற்கதவு சாத்தப்படுவது இருந்தது, கூலி இருந்தது. அவற்றுக்குச் சமமாக மேற்பார்வையாளர்களின் ஏச்சும் அடியும் இருந்தன. கூலியோடு மானமும் சங்கத்தின் கோரிக்கையாக இருந்ததை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

1920 அக்டோபரில் நெசவுப் பிரிவில் எழுந்த தகராறு கதவடைப்பில் முடிந்தது. அந்த டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தார்கள். பின்னி நிறுவனம் வாடியா மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. தொழிலாளரைத் திரட்டுவதே சட்டப்படி குற்றமாகக் கருதப்படலாம் என்ற நிலை வந்தபோதுதான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் குரல் கொடுத்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இந்தியத் தொழிலாளர் சட்டத்தின் ஒரு வேர் இப்படிப் பெரம்பூரின் நெசவுத் தளத்தில் ஊன்றியிருக்கிறது.

இதற்கு இணையாக அரசுத் தரப்பிலும் ஒரு பதில் உருவானது. ஆள் எடுப்பது, ஆளை நீக்குவது, கடன் கொடுப்பது, கமிஷன் வாங்குவது எல்லாம் மேஸ்திரியின் கையில் இருந்த முறையை 1931இல் ராயல் தொழிலாளர் ஆணையம் கடுமையாக விமர்சித்தது. மேஸ்திரியின் அதிகாரத்தைப் பறித்துத் தொழிலாளர் அலுவலர் ஒருவரிடம் கொடுக்கச் சொன்னது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்றது இந்தச் சிந்தனையின் தொடர்ச்சி. இதன் பலவீனம் வெளிப்படை: நல அலுவலருக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம். மேஸ்திரி போய் சூப்பர்வைசர் வந்தார், லைன் லீடர் வந்தார். நியமன அதிகாரம் கைமாறியது உண்மை. தினசரி அதிகாரம், அதாவது யாருக்கு எந்த மெஷின், யாருக்கு ஓவர்டைம், யாருக்கு லீவு என்ற அதிகாரம், தளத்திலேயே தங்கிவிட்டது. வசவுக்குப் பலம் கொடுப்பது இந்தச் சின்னச் சின்ன அதிகாரங்கள்தான்.

ஒழுங்கு என்னும் வாதம்

1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம் எவையெல்லாம் ஒழுங்கீனம் என்று பட்டியலிட வைத்தது. கீழ்ப்படியாமை, திருட்டு, ஒழுங்குக்குக் குந்தகமான செயல் என்று அது நீளும். ‘ஒழுங்குக்குக் குந்தகம்’ என்ற தலைப்பின் கீழ் மேலதிகாரியைத் திட்டுவது எளிதில் அடங்கிவிடும். மஹிந்திரா அண்ட் மஹிந்திரா வழக்கில் 2005இல், மேற்பார்வையாளரை ஆபாசமாகத் திட்டிய தொழிலாளிக்குத் தொழிலாளர் நீதிமன்றம் காட்டிய கருணையை ஏற்காமல், பணிநீக்கம் சரியே என்றது உச்ச நீதிமன்றம். மறுபக்கமும் உண்டு. 1982இல் ராமகாந்த் மிஸ்ரா வழக்கில், ஒருமுறை வாய்தவறியதற்கு வேலையையே பறிப்பது மிகை என்று அதே நீதிமன்றம் சொன்னது. எந்தச் சூழலில் சொன்னார், இதற்கு முன் புகார் உண்டா, தண்டனை தவறுக்கு ஏற்றதா என்றெல்லாம் பல பத்தாண்டுகள் நுணுகி ஆராய்ந்த தீர்ப்பு மரபு நம்மிடம் இருக்கிறது.

அந்த மரபு முழுவதும் ஒரே திசையில், கீழிருந்து மேலே போன வசவைப் பற்றியது. மேலிருந்து கீழே வந்த வசவை ஒழுங்கீனமாக எடுத்துக்கொண்டு அதே நுணுக்கத்தோடு அளந்த தீர்ப்புகள் மிக அரிது. நீதிபதிகள் ஒருதலைப்பட்சமானவர்கள் என்பது இதன் பொருளாகாது. நிலையாணை தொழிலாளியைக் கட்டுப்படுத்தும் ஆவணம். மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர் 2010க்குப் பிந்திய தொழிற்தகராறுச் சட்டத்தின்படி ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள்ளேயே வரவில்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய தொழிலுறவுத் தொகுப்பில் அந்த வரம்பு 18,000. அவருக்கான விதிகள் நிறுவனத்தின் தனிச் சேவை விதிகளில் இருக்கும். அதைத் தொழிலாளி கண்ணால் பார்த்திருக்கக்கூட மாட்டார். மேற்பார்வையாளர் மீது நடவடிக்கை எடுக்கலாமா என்பதை நிர்வாகம் தானே முடிவு செய்யும். தொழிலாளி ஒரு குற்றம் செய்தால் சார்ஜ் ஷீட், உள்விசாரணை, சாட்சி, குறுக்கு விசாரணை என்று நடக்கும். மேற்பார்வையாளர் அதையே செய்தால் அதிகபட்சம் ஓர் அறைக்குள் ‘கொஞ்சம் பார்த்துப் பேசுங்க சார்’ என்பதோடு முடியலாம்.

போலீஸ் ஸ்டேஷன் வாசல்

தொழிலாளர் சட்டம் கைவிட்ட இடத்தில் குற்றவியல் சட்டம் கைகொடுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவு பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவதையும், 351 மிரட்டுவதையும், 352 அமைதி குலையும்படி வேண்டுமென்றே அவமதிப்பதையும், 79 பெண்ணின் மானத்துக்கு இழுக்கு வரப் பேசுவதையும் தண்டிக்கின்றன. காகிதத்தில் போதுமானவையாகத் தெரியும். ஆனால் நீதிமன்றங்கள் இவற்றைப் பணியிடத்துக்குள் கொண்டுவரத் தயங்குகின்றன. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022இல், வெறும் வசைச்சொல் ஆபாசம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294ஆம் பிரிவை வைத்துத் தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், செகந்திராபாத் நிறுவனம் ஒன்றில் மேலதிகாரி கடிந்து பேசியது பற்றிய வழக்கை ரத்து செய்தது. பணி தொடர்பாக மூத்தவர் கண்டிப்பதைக் குற்றமாக்கினால் அலுவலக ஒழுங்கே குலைந்துவிடும் என்பது அதன் கவலை.

இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு கடுஞ்சொல்லுக்கும் எஃப்.ஐ.ஆர். போடுவது தொழிலாளிக்கும் நல்லதாக இருக்காது; நாளைக்கு அதே பிரிவு அவர் மீதே திரும்பலாம். ஆனால் தீர்ப்பைப் படித்துவிட்டு ‘திட்டுவது தப்பில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது’ என்று முடிவு கட்டுபவர்கள் தவறாகப் படிக்கிறார்கள். அது குற்றம் ஆகாது என்பதுதான் தீர்ப்பு. பணியிட ஒழுங்கீனம் ஆகுமா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. அந்தக் கேள்விக்கு இடம் தர வேண்டிய சட்டம் வாய் திறக்காததால், குற்றவியல் தீர்ப்பே கடைசி வார்த்தை போலத் தோன்றுகிறது.

பெண் என்பதால், தலித் என்பதால்

வசவுக்குப் பெயர் கொடுத்த சட்டங்கள் இரண்டு உண்டு. ஒன்று, 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும்; அதற்குக் கீழே என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்; நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்; குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். ஆரோக்கியத்தைப் பாதிக்கும்படி இழிவாக நடத்துவதையும், அச்சம் நிறைந்த சூழலை உருவாக்குவதையும் இந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அது பாலியல் துன்புறுத்தலோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். உடலைக் குறித்தோ நடத்தையைக் குறித்தோ பேசினால் இதற்குள் வரும். ‘மாடு மாதிரி நிக்கிறியே, பீஸ் எங்கடி’ என்று கத்துவது வருமா என்பது விவாதத்துக்கு உரியது. தையல் தளத்தில் அன்றாடம் கேட்பது இந்த இரண்டாவது வகை.

மற்றது, 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது குற்றம், அது பொதுப் பார்வையில் நடந்திருந்தால். இந்த நிபந்தனை பணியிட வழக்குகளில் இடறுகிறது. திருச்சி மாவட்ட வருவாய் ஆய்வாளர் ஒருவர் தன் அலுவலகத்திலேயே சாதிப் பெயரால் திட்டப்பட்டதாகத் தந்த வழக்கை, நான்கு சுவருக்குள் நடந்தது பொதுப் பார்வை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ரத்து செய்தது. அந்த வழக்கில் திட்டியதாகச் சொல்லப்பட்டவர் மேலதிகாரி இல்லை என்றாலும், அலுவலக அறை என்பது என்ன வகை இடம் என்பதில் தீர்ப்பின் தாக்கம் எல்லோருக்கும் பொதுவானது. பலர் நிற்கும் அசெம்ப்ளி லைன் வேறு, மேலாளரின் கேபின் வேறு என்று இனி வாதிடப்படும். கதவைச் சாத்திக்கொண்டு திட்டினால் பொறுப்பு குறையும் என்ற விபரீதமான முடிவுக்கு இது இட்டுச்செல்லக்கூடும்.

இவ்விரு சட்டங்களும் போராடிப் பெற்றவை, இன்றியமையாதவை. அவற்றின் எல்லை வேறு. பெண், தலித் என்ற அடையாளத்தின் மீது வசவு விழும்போது அவை காக்கின்றன. தொழிலாளி என்பதாலேயே விழும் வசவுக்கு அவற்றில் இடமில்லை.

உளவியல் சொல்வது

மேலாண்மை ஆய்வுலகம் இந்தக் கேள்வியைத் தாமதமாகத்தான் எடுத்தது. ஸ்வீடனில் ஹெய்ன்ஸ் லேமன் 1980களில் பணியிடத் துன்புறுத்தலை ஆராய்ந்தார். 1993இல் அந்நாட்டில் அதற்கான விதிமுறை வந்தது. அமெரிக்காவில் பென்னட் டெப்பர் 2000இல் வெளியிட்ட கட்டுரை, உடலைத் தொடாமல் சொல்லாலும் செயலாலும் தொடர்ந்து பகைமை காட்டும் மேற்பார்வையை ஓர் ஆய்வுப் பொருளாக வரையறுத்தது. பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும், இத்தகைய மேற்பார்வை இருக்கும் இடத்தில் மனஉளைச்சலும் வேலையை விட்டுப் போகும் எண்ணமும் கூடுதலாக இருப்பதைக் காட்டின. திட்டினால்தான் உற்பத்தி வரும் என்ற தளநம்பிக்கைக்கு அவற்றில் ஆதரவு இல்லை. ஒரு எச்சரிக்கை தேவை: இந்த ஆய்வுகளில் பல, ஊழியர் தாமே நிரப்பிய கேள்வித்தாளை நம்பியவை. எது காரணம், எது விளைவு என்று அவை உறுதியாகச் சொல்வதில்லை.

நமக்கு நெருக்கமானது அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் பிரமிளா டிக்ரூஸ், எர்னஸ்டோ நொரோன்யா இருவரும் இந்தியக் கால் சென்டர்களில் செய்த ஆய்வு. வசவு ஒரு கெட்ட மனிதரின் குணமாக மட்டும் வருவதில்லை, நிறுவனத்தின் அமைப்பே அதை உற்பத்தி செய்கிறது என்பது அவர்கள் காட்டியது. அம்பத்தூரின் உதிரிபாகத் தொழிலுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. மணிக்கு மணி எண்ணிக்கை எழுதும் பலகை தளத்தில் தொங்குகிறது. திட்டமிட்ட எண் ஒரு பத்தியில், வந்த எண் அடுத்த பத்தியில், ரிஜெக்‌ஷன் சிவப்பில். கார் கம்பெனியின் லைன் நின்றால் டெபிட் நோட் உதிரிபாகக் கம்பெனிக்கு வரும். அங்கிருந்து பிளான்ட் ஹெட்டுக்கு, அவரிடமிருந்து சூப்பர்வைசருக்கு, அவரிடமிருந்து மெஷின் முன் நிற்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு. கடைசியில் நிற்பவரிடம் வரும்போது அது பணமாக இல்லை, வசவாக இருக்கிறது. மேற்பார்வையாளரை மட்டும் பயிற்சி வகுப்பில் உட்கார வைத்துப் பேச்சுத் திறன் சொல்லிக்கொடுக்கும் எச்.ஆர். தீர்வு ஏன் அரைகுறையாக நிற்கிறது என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது.

திண்டுக்கல் ஒப்பந்தம்

தமிழ்நாட்டிலேயே வேறு மாதிரியான ஒரு முயற்சி நடந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திண்டுக்கல் அருகே ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் இதை ஒரு தனிக் கொலையாக மட்டும் பார்க்க மறுத்தது. ஆலைத் தளத்தில் அன்றாடம் நடக்கும் வசவும் மிரட்டலும்தான் பெரிய வன்முறைக்கு வழி திறக்கின்றன என்றது. 2022 ஏப்ரலில் சங்கமும், ஈஸ்ட்மேனும், ஆடை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும், ஆசிய, சர்வதேச அளவிலான தொழிலாளர் அமைப்புகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் உருவானது. கேப், பி.வி.எச். நிறுவனங்களும் பின்னர் சேர்ந்தன.

இந்த ஒப்பந்தத்தின் மையம் தளக் கண்காணிப்பாளர்கள். தொழிலாளர்களிலிருந்தே சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும் பெண்கள் தங்கள் லைனில் நடப்பதைப் பார்த்துப் புகாராகப் பதிவு செய்கிறார்கள். புகார் தந்தவரைப் பழிவாங்குவது தடுக்கப்பட்டிருக்கிறது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வாங்கும் நிறுவனம் வணிக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. பெரிய விபரீதம் நடந்த பிறகு விசாரிப்பதற்குப் பதில், ஒருமையில் பேசுவது, கெட்ட வார்த்தை, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது போன்றவற்றை அன்றன்றே எடுத்துத் தீர்ப்பது இதன் முறை. மேலிருந்து கீழே வரும் வசவுக்கு ஓர் ஆலை அளவில் பெயரும் நடைமுறையும் கிடைத்தன.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வாங்குபவர் இருக்கும்வரை, தன் பெயர் கெடும் என்று அவர் அஞ்சும்வரை இது நிற்கும். அம்பத்தூரில் போல்ட் செய்யும் யூனிட்டுக்கு அப்படி அஞ்சுகிற வாங்குபவர் இல்லை. அங்கே வரும் ஆடிட்டர் மைக்ரான் அளப்பார், மனிதரை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்பது அரிது. ஆனாலும் 2021 டிசம்பர் ஒன்றைக் காட்டியது. பூந்தமல்லி அருகே விடுதியில் உணவு நஞ்சானதைத் தொடர்ந்து ஆப்பிளுக்குக் கைபேசி செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தபோது, ஆலை சில வாரம் மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைத் தன் கண்காணிப்பில் வைத்தது. அது சோற்றுக்கும் தங்குமிடத்துக்குமான போராட்டம். வசவைப் பற்றியது இல்லை. புறநகர் விடுதியின் குறை உலகச் சங்கிலியின் மேல்கண்ணி வரை எட்ட முடியும் என்பதற்கு மட்டும் அது சான்று.

மறுப்புகளும் பதில்களும்

வசவை ஒழுங்கீனம் ஆக்கினால் வேலையே நடக்காது என்பது முதல் மறுப்பு. தவறைச் சுட்டுவதும் ஆளைச் சிறுமைப்படுத்துவதும் வேறு வேறு என்பதைப் பிற நாட்டுச் சட்டங்கள் பிரித்துக் காட்டியிருக்கின்றன. தென் கொரியா 2019 ஜூலையில், பதவியைப் பயன்படுத்திப் பணிக்குத் தேவையான அளவைத் தாண்டி வேதனை தருவதைத் தடை செய்தது. ஜப்பான் 2020இல் பெரிய நிறுவனங்களுக்கும் 2022இல் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் ‘அதிகாரத் துன்புறுத்தல்’ தடுப்பைக் கடமையாக்கியது. நியாயமான பணிக் கண்டிப்பை அது வெளிப்படையாக விலக்கி வைக்கிறது. இரு நாட்டிலும் ஆலைகள் ஓடுகின்றன. அந்நாட்டு நிறுவனங்கள்தான் நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் பெருமளவு முதலீடு செய்திருக்கின்றன. தங்கள் மண்ணில் ஏற்றுக்கொண்ட கட்டுப்பாட்டை இங்கே ஏற்க முடியாது என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

தளத்துப் பேச்சே அப்படித்தான், யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை என்பது இரண்டாவது. இதை நான் ஏற்கவில்லை. அதே மேற்பார்வையாளர் கஸ்டமர் ஆடிட்டரிடமோ பிளான்ட் ஹெட்டிடமோ அந்தப் பேச்சைப் பேசுவதில்லை. திருப்பிப் பேச முடியாதவரிடம் மட்டும் வரும் பேச்சைப் பழக்கம் என்று சொல்ல முடியாது. தொழிலாளி பேசினால் வேலை போகும் என்று தீர்ப்பு இருக்கும்போது, தளத்துப் பேச்சு என்ற சலுகை ஒருவருக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

பொய்ப் புகார் வரும் என்பது மூன்றாவது. வரலாம். எல்லாக் குற்றச்சாட்டுக்கும் அந்த ஆபத்து உண்டு. இருதரப்பும் உட்கார்ந்து விசாரிக்கும் குழு அதற்காகத்தான். கடைசி மறுப்பு வலுவானது: மேற்பார்வையாளரும் பலியாள்தான். அவருக்குச் சங்கம் இல்லை, தொழிலாளி என்ற சட்டப் பாதுகாப்பும் பலருக்கு இல்லை, தினமும் காலைக் கூட்டத்தில் அவரும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். இது உண்மை. ஆனால் இது விதி வேண்டாம் என்பதற்கான காரணம் ஆகாது. மேலிருந்து வரும் வசவு ஒழுங்கீனம் என்று எழுதப்பட்டால், அந்த விதி பிளான்ட் ஹெட்டிடமிருந்து சூப்பர்வைசரையும் காக்கும்.

இன்று கையில் இருப்பவை

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைதீர்க்கும் குழுவைக் கட்டாயமாக்குகிறது. இது 2010லேயே பழைய சட்டத்தில் சேர்க்கப்பட்டது. பல இடங்களில் காகிதத்தோடு நின்றது. குழுவில் இரு தரப்பும் சம எண்ணிக்கை. பெண்களுக்கு அவர்கள் விகிதத்துக்குக் குறையாத இடம். குறை எழுந்த ஓராண்டுக்குள் மனு. 30 நாளில் முடிவு. தொழிலாளர் தரப்பு உறுப்பினரில் பாதிக்கு மேல் ஒப்பினால்தான் அது குழுவின் முடிவு. முடிவு பிடிக்கவில்லை என்றால் சங்கத்தின் வழியாகச் சமரச அலுவலரிடம் போகலாம். அதே தொகுப்பு நிலையாணைக்கான வரம்பை 100 பேரிலிருந்து 300 பேராக உயர்த்தியிருக்கிறது. அம்பத்தூரின் மிகப் பெரும்பாலான யூனிட்டுகளுக்கு எழுதப்பட்ட நடத்தை விதியே இனிக் கட்டாயமில்லை என்பது இதன் மறுபக்கம்.

நடைமுறையில் புகாரின் பலம் அதன் எழுத்தில் இருக்கிறது. தேதி, ஷிஃப்ட், எந்த மெஷின் அருகே, சொன்ன வார்த்தை அப்படியே, கேட்டவர்கள் யார் என்று எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் விரைவஞ்சலில் ஒப்புகையோடு அனுப்பலாம். ‘மரியாதை இல்லாமல் பேசினார்’ என்று பொதுவாக எழுதிய புகார் விசாரணையில் நிற்பது கடினம். கோபத்தில் ராஜினாமா எழுதிவிடக் கூடாது. எழுதிக் கொடுத்த ராஜினாமாவைக் கட்டாயத்தால் எழுதியது என்று நிரூபிக்கும் சுமை பின்னால் தொழிலாளி மேல்தான் விழும். பணிநீக்கம் என்றால் சமரச அலுவலரிடம் மனு கொடுத்து 45 நாள் கழித்து நேரடியாக வழக்காடலாம். பழைய சட்டத்தில் 3 ஆண்டாக இருந்த கால வரம்பு இப்போது 2 ஆண்டு. இடத்தைப் பொறுத்த குழப்பமும் உண்டு. 2018 முதல் அம்பத்தூர் சென்னை மாவட்டத்தில் இருப்பதால் அங்குள்ள பெண் தொழிலாளி சென்னை மாவட்ட உள்ளூர்க் குழுவையும், ஆவடி, பூந்தமல்லியில் இருப்பவர் திருவள்ளூர் மாவட்டக் குழுவையும் அணுக வேண்டும். போலீஸ் மட்டும் 2022 முதல் ஆவடி ஆணையரகம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 2021 அக்டோபரில் புதிய பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் போனாலும், அயல்பணியில் உள்ள ஊழியர்களுக்கு மத்திய அரசு நடத்தை விதிகள் பொருந்துகின்றன. பணியில் மரியாதைக் குறைவாக நடக்கக் கூடாது என்று அவ்விதிகளின் 3ஏ பிரிவு சொல்கிறது; அது அதிகாரி, ஊழியர் என்று பிரித்துப் பேசவில்லை. அரசு தன் ஊழியருக்கு எழுதியிருக்கும் அந்த ஒரு வரி, தனியார் ஆலையில் ஏன் எழுத முடியாது?

திறந்தே இருப்பவை

சில கேள்விகளுக்கு எந்தத் தரப்பிடமும் திருப்தியான பதில் இல்லை. கான்ட்ராக்டர் அனுப்பிய தொழிலாளியை ஆலையின் சூப்பர்வைசர் திட்டினால் எந்தக் குழு விசாரிக்கும்? அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் சேர்ந்த பயிற்சியாளர் புதிய தொகுப்பில் தொழிலாளியே இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் மிக அதிகமாக வசவு கேட்பவர்களுக்கு மிகக் குறைந்த பாதுகாப்பு. சான்றுக்கும் வழி தெளிவில்லை: பல ஆலைகளில் மொபைலை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள், தளத்துக் கேமராவில் படம் உண்டு, பொதுவாக ஒலி இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அம்பத்தூரில் வேலை செய்பவர், தமிழில் விழுந்த வசவை எந்த மொழியில் எழுதிக் கொடுப்பார்? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2019இல் நிறைவேறி, ஒரே ஒரு முறை நடந்தாலும் அது பணியிட வன்முறையாகலாம் என்று ஏற்றுக்கொண்டது. இந்தியா அதற்கு இன்னும் ஏற்புறுதி தரவில்லை. தந்தாலும் அது தளத்துக்கு வந்து சேர எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பதை உள்ளகக் குழுக்களின் அனுபவத்திலிருந்து ஊகிக்கலாம்.

ஆனால் சட்டமன்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. 18(1) என்றும் 12(3) என்றும் பழைய சட்டப் பிரிவின் எண்ணாலேயே தொழிலாளர்கள் அழைக்கும் ஊதிய ஒப்பந்தங்கள் மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்த வட்டாரத்தில் பேசி முடிக்கப்படுகின்றன. பஞ்சப்படி, இன்சென்டிவ், கேன்டீன், பஸ் எல்லாம் அதில் இடம்பெறுகின்றன. எந்தப் பதவியில் இருப்பவரும் உடன் வேலை செய்பவரை இழித்துப் பேசுவது ஒழுங்கீனம், அது குறைதீர்க்கும் குழுவின் விசாரணைக்கு உரியது, கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் பயிற்சியாளருக்கும் இது பொருந்தும் என்று ஒரு ஷரத்தை அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சங்கங்கள் சேர்க்க வேண்டும். இதற்கு நிர்வாகத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.